இருட்டுக்குள் ஒரு சண்டை

சினிமா விமரிசகருக்கும் சினிமா ரசிகருக்கும் என்றுமே ஆகாது. 'சகிக்கவில்லை' என்று அவர் எழுதிய படத்துக்குத்தான் மறுநாள் கொட்டகை வாசலில் கூட்டம் நெரியும். 'ஆகா' என்று அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய படத்துக்கு அவருடைய வீட்டுக்காரிகூட வரமாட்டாள். இந்த வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று விசாரித்துப் பார்க்க எனக்கு வெகு நாளாக ஆசை. அதற்கு நல்ல படம் உதவாது, நேயர்களே! நல்ல படத்தை எல்லோரும் நல்லது என்றே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆளுக்கு ஒன்று சொல்லும்படியான படமாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று அகப்பட்டது. 2009-ல் வெளிவந்த 'நிஞ்சா அசாசின்' என்ற ஆங்கிலப் படம். 'மேட்ரிக்ஸ்' எடுத்த வச்சோவ்ஸ்கிகள் தயாரிப்பில் பங்கு கொண்டார்கள். ஜேம்ஸ் மெக்டீக் டைரக்ட் செய்தார். கதாநாயகன் ரெயின், கொரியா தேசத்துப் பாடகர். பெயரைப் பாருங்கள், மழை! குற்றாலத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கதை நாலு வரிதான். அநாதைக் குழந்தைகளைத் திருடிக்கொண்டு போய், மலைமேல் ஒரு கோட்டையில் வைத்து, கொலைத் தொழில் கற்றுக் கொடுக்கிறது ஒரு கூட்டம். அதில் ஒருவன் மனம் மாறி ஓடி வந்துவிடுகிறான். வளர்த்த குருவையே எதிர்த்து நிற்கிறான். பெர்லின் நகரத்தில் இந்தக் கூட்டத்தின் ரகசியத்தைத் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். பாக்கியெல்லாம் கத்தி.

படம் வந்தபோது அமெரிக்க விமரிசகர்களில் பெரும்பாலோர் கை விரித்துவிட்டார்கள். கதை இல்லை, ரத்தம் அதிகம், சண்டை கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அவர்கள் கட்சி. ரசிகர்களில் ஒரு கூட்டமோ, 'நிஞ்சா படத்துக்கு வந்து கதை கேட்கிறாயே, நீ எந்த ஊர்?' என்று சண்டைக்கு வந்தது. உலகம் முழுவதும் சுமார் 6 கோடி டாலர் வசூல். ஒரேயடியாகத் தோல்வி என்று சொல்ல முடியாது. வெற்றி என்று மாலை போடவும் முடியாது. ஆக, வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

இதை விசாரிக்க நான் தேர்ந்தெடுத்த ஊர் தென்காசி. காரணம் இருக்கிறது. அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். குற்றாலம் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர். 1954-ல் அவர் மறைந்ததும் அங்கேதான். பெரிய பண்டிதர்கள் எல்லாம் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில், பாட்டை வாய்விட்டுப் பாடிப் பார்த்து, 'இது கம்பன் பாட்டு, இது கம்பன் பாட்டே இல்லை' என்று தம் ரசனை ஒன்றையே தராசாக வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னவர் அவர். புலவர்களுக்குக் கோபம் வந்தது. அவர் அசையவில்லை. ரசிகனுடைய வார்த்தைக்கு மதிப்பு உண்டு என்று நம்பிய ஊரில்தானே ரசிகர்களை விசாரிக்க வேண்டும்?

சாரல் காலத்தில் என் அத்தை வீட்டுக்குப் போனபோது சந்தர்ப்பம் வாய்த்தது. வெளியே போக முடியாத மழை. அத்தையின் பேரன் என்ஜினீயரிங் மாணவன். தன் மடிக்கணினியை டெலிவிஷன் பெட்டியோடு இணைத்துவிட்டான். ஜூரிகளாகக் கூடத்தில் உட்கார்ந்தவர்கள்: அத்தை, எதிர் வீட்டு ஆச்சி, நகைக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சி, பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுக்கும் ஆசான் ஒருவர். குழந்தைகளை முதலிலேயே பின்கட்டுக்கு விரட்டிவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் ஐந்து நிமிஷத்திலேயே தலைகள் உருளும் படம் இது.

உருண்டன. அத்தை எழுந்து காப்பி போடப் போய்விட்டார். ஆச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

முதல் அபிப்பிராயம் அண்ணாச்சியுடையது. படத்தில் அந்தக் கொலைக் கூட்டத்துக்கு ஒரு கட்டணம் உண்டு. ஓர் உயிருக்கு நூறு பவுண்டு தங்கம். ஆயிரம் வருஷமாக அதே ரேட். இதைக் கேட்டதும் அண்ணாச்சி படம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"நூறு பவுண்டுன்னா எத்தனை பவுன்னு நெனச்சிய? கிட்டத்தட்ட நாப்பத்தஞ்சரை கிலோ. ஐயாயிரத்து அறுநூத்தி எழுவது பவுன் வருது! ஒருத்தனைக் கொல்லுததுக்கு இத்தனை பவுனா? அதை அந்தக் கொல்லப்படப் போறவங்கிட்டயே குடுத்துட்டா அவனே ஊரைவிட்டுப் போயிருவானே!"

இந்த ஓட்டையை அமெரிக்க விமரிசகர் யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

என்ஜினீயரிங் மாணவனுடைய அபிப்பிராயம் வேறு. கதாநாயகன் கண்ணை மூடி மூச்சை அடக்கினால் வெட்டுக் காயம் ஆறிவிடுகிறது. "இதெல்லாம் நம்ம சித்தர்கள் செஞ்சதுதான் மாமா. பொதிகை மலையிலேருந்து போனது" என்றான். தென்காசிப் பக்கத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அகத்தியரிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தில் காஞ்சிப் பல்லவ இளவரசராகப் போதிதருமரைச் சூர்யா நடித்துக் காட்டியதிலிருந்து, கிழக்கு நாட்டு அடிதடிக் கலை அத்தனையும் நம் வீட்டுச் சொத்து என்று ஒரு தலைமுறையே பட்டா எழுதிக்கொண்டுவிட்டது. போதிதருமர் தென்னாட்டிலிருந்து வந்தவர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகத்தார் என்று சொல்லும் இன்னும் பழைய குறிப்பும் உண்டு. அவருக்கும் சண்டைக் கலைக்கும் முடிச்சுப் போட்டதோ பதினேழாம் நூற்றாண்டு நூல் ஒன்று. அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது. நிஞ்சாவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் நிஞ்சா என்பவன் யார்? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் இகா, கோகா என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலைப் பிரதேசங்கள். சிற்றரசர்கள் ஓயாமல் அடித்துக்கொண்ட காலத்தில் அங்கிருந்து ஒற்றர்கள் கூலிக்குப் போனார்கள். 1581-ல் ஓடா நோபுனாகா பெரும் படையோடு வந்து இகாவைச் சூறையாடினான். அந்த வித்தையையெல்லாம் பிற்காலத்தில் 1676-ல் 'பன்சென்ஷூகாய்' என்ற பெயரில் தொகுத்து வைத்தார்கள். அதில் வானிலை பார்ப்பது இருக்கிறது, தீ வைப்பது இருக்கிறது, வேஷம் போடுவது இருக்கிறது. சன்னியாசி போலவும் வியாபாரி போலவும் போய் விஷயம் அறிந்து வருவதுதான் உண்மையான நிஞ்சாவின் பிழைப்பு. நம் வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்து, துறவி வேஷத்தில் போகும் ஒற்றனைப் பற்றி அங்கே பேசியிருப்பது உங்களுக்கு ஞாபகம் வரலாம். இகா இன்றைக்கு மீயே மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாணத்துப் பல்கலைக்கழகம் 2017-ல் நிஞ்சாவுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது.

கறுப்பு உடையும் முகமூடியும் எங்கிருந்து வந்தன? அது நாடக மேடைக் கதை. கபுகி நாடகத்தில் சாமான்களை எடுத்து வைக்கும் ஆட்கள் கறுப்பு உடுத்தியிருப்பார்கள். நம் தெருக்கூத்தில் திரை பிடிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை அல்லவா, அதுபோல அவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள் என்பது சபையின் சம்மதம். ஒரு நாள் அந்தக் கறுப்பு ஆளே கத்தியை உருவிப் பாய்ந்தால் சபைக்கு எப்படி இருக்கும்! கறுப்பு நிஞ்சா அங்கேதான் பிறந்தான் என்கிறார்கள். எனக்குப் பிடித்த விளக்கம் இது.

சினிமாவுக்கு வருவோம். ஜப்பானியர்கள் 1962-ல் எடுத்த 'ஷினோபி நோ மோனோ' நிஞ்சாவை ஓரளவு மனிதனாகவே காட்டியது. 1967-ல் ஜேம்ஸ் பாண்ட் அவர்களைப் பட்டாளமாகக் கூட்டி வந்தார். 1981-ல் 'என்டர் தி நிஞ்சா' வந்தது. அதன் கதாநாயகர் இத்தாலிக்காரர் பிராங்கோ நீரோ, கதை நடப்பது பிலிப்பைன்ஸில், நிஜ ஜப்பானியரான ஷோ கொசுகிக்கோ வில்லன் வேஷம்! அதே கொசுகிதான் 28 வருஷம் கழித்து 'நிஞ்சா அசாசி'னில் கொடூர குருவாக வருகிறார். படத்தில் நடிப்பு என்று சொல்லக்கூடியது அவரிடம்தான் இருக்கிறது. சில இடங்களில் அவர் சும்மா பார்க்கிறார். அதற்கே பயமாக இருக்கிறது.

இனி ஆசான். முக்கால்வாசிப் படம் ஓடும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு சண்டை முடிந்தது. இருட்டு அறை, பளிச்சென்று கத்தி, சுவரெல்லாம் ரத்தம்.

"இப்ப யாரு யாரை அடிச்சா?" என்று கேட்டார்.

மாணவன் திருதிருவென்று விழித்தான். எனக்கும் தெரியவில்லை.

"ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல காலு எங்க போச்சு? அதைக் காட்டலியே! கம்பு சுத்துறவன் கையைப் பாக்கப்பிடாது தம்பி, காலடியைப் பாக்கணும். கால் நின்ன இடத்தைப் பாத்தா அடுத்த அடி எங்க வரும்னு தெரியும். இவன் சங்கிலியில கத்தியைக் கோத்துச் சுத்துதான். நம்ம சுருள்வாள் மாதிரிதான். அது கை நின்னா நம்மளையே வெட்டும். எவ்வளவு பெரிய வித்தை! அதைப் போய் இருட்டுல வச்சிருக்கானுவளே!"

"நிஞ்சா என்றால் மறைந்திருந்துதானே ஆசானே தாக்குவான்? அதனால் இருட்டில் எடுத்திருக்கலாம்" என்று டைரக்டருக்காக வக்காலத்து வாங்கிப் பார்த்தேன்.

"மறையுதது அவன் சோலி. காட்டுதது படம் எடுக்கவன் சோலி" என்றார் ஆசான். முடிந்தது வக்காலத்து!

யோசித்துப் பாருங்கள். 1963-ல் வந்த 'பெரிய இடத்துப் பெண்'ணில் எம்.ஜி.ஆர். கம்பு எடுத்தாரே, அவர் அந்த வித்தை தெரிந்தவர். காமிரா தள்ளி நிற்கும். தலையிலிருந்து கால் வரை ஆள் தெரிவார். புருஸ் லீ படங்களை மொழி தெரியாத ஜனங்கள்கூட அப்படிப் பார்த்ததற்கும் அதுதான் காரணம். உடம்பு பேசியது, காமிரா குறுக்கே பேசவில்லை. 1983-ல் ரஜினிகாந்த் 'பாயும் புலி'யில் ஷாவோலின் பாணிப் பயிற்சி எடுத்ததை ரசித்தவர்களும் பயிற்சியைத்தான் ரசித்தார்கள். பிற்பாடு வந்த படங்களில் வேகம் கூடியது. வெட்டுக் கூடியது. கடைசியில் ரத்தமும் கம்ப்யூட்டரிலிருந்தே பீறிட்டது. 'நிஞ்சா அசாசி'னின் ரத்தத்தில் பெரும் பகுதி அப்படி வந்ததுதான். ரசாயனப் பொடி கரைத்துத் தெளித்தது போல இருக்கிறது என்று அத்தையே சொன்னார். காப்பியோடு திரும்பி வந்திருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் படத்தின் சண்டைகளை அமைத்ததில் முக்கியமானவர்கள் சாட் ஸ்டஹெல்ஸ்கி, டேவிட் லீட்ச் என்ற இரண்டு ஸ்டண்ட்காரர்கள். அவர்களே 2014-ல் 'ஜான் விக்' எடுத்தபோது, வெட்டைக் குறைத்து, ஆளை முழுசாகக் காட்டி, சண்டையை நீளமாக ஓடவிட்டார்கள். உலகம் கொண்டாடியது. ஆசான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்டது அதைத்தான்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 'கம்ப்யூட்டர் வேண்டாம், நிஜம் வேண்டும்' என்று நாம் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுகிறோம். நிஜம் என்றால் யாரோ ஒருவருடைய எலும்பு. தென்காசிக்காரர்களுக்கு 'அந்நியன்' படம் நன்றாக ஞாபகம் இருக்கும். அதன் பாட்டு ஒன்றுக்காகப் பக்கத்திலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில் பாறைகளுக்கே வர்ணம் பூசினார்கள். 2005-ல் வந்த அந்தப் படத்தில் ஒரு கராத்தே பள்ளிச் சண்டை வருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட காமிராக்களைச் சுற்றி வைத்து எடுத்த சண்டை. நம் தமிழ்ப் படங்களில் நிஞ்சா சண்டைக்கு மிக அருகில் வருவது அதுதான் என்பேன். அமைத்தவர் பீட்டர் ஹெய்ன். அதை எடுக்கும்போது, ஆட்களைக் கயிற்றில் தூக்க வைத்திருந்த லாரி, சொல்வதற்கு முன்பே நகர்ந்துவிட்டது. ஸ்டண்ட் ஆட்கள் பலர் காயம் அடைந்தார்கள். இன்னும் அருகில் சொல்வதானால், 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கத்தில் நடந்த ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில், கார் பாய்ந்து கவிழும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் உயிரையே இழந்தார்.

இவர்களுக்கு மரியாதை வந்து சேர்ந்ததும் தாமதமாகத்தான். தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கு என்று விருது கொடுத்தது 2017-ல். 'புலிமுருகன்' மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். ஆஸ்கார்காரர்கள் அதைவிட மோசம். 2025-ல்தான் விழித்துக்கொண்டு, 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்டுக்கும் ஒரு பரிசு உண்டு என்று அறிவித்தார்கள்.

இதை நான் ஆசானிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ரத்தம் பொய்யாவே இருக்கட்டும். அடி மட்டும் நெசமா தெரியட்டும்" என்றார். கம்ப்யூட்டரை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு சட்டம் எழுத முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

ஆச்சியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆச்சி முகத்தை மூடிய முந்தானை எப்போது கீழே இறங்கியது தெரியுமா? கதாநாயகன் சிறுவனாக இருக்கும் காட்சிகளில். மிதித்தால் கீச்சென்று சத்தம் போடும் பலகைத் தரையில் சத்தம் வராமல் நடக்கப் பழக வேண்டும். கியோட்டோவில் நிஜோ கோட்டையில் இப்படிப்பட்ட தரை நிஜமாகவே இருக்கிறது. பையன் தவறி மிதித்துவிடுகிறான், சத்தம் கேட்டுவிடுகிறது. குரு அவனுடைய உள்ளங்காலில் அடிக்கிறார். அந்தக் கோட்டையில் அவனிடம் பிரியமாக இருப்பவள் கூடப் படிக்கும் ஒரு சிறுமி மட்டுமே. அவள் சுவரேறித் தப்பப் பார்க்கிறாள். பிடித்துக் கொண்டுவந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கொன்றுவிடுகிறார்கள்.

"கதை இல்லைன்னு எந்தப் பாவி எழுதினான்?" என்றார் ஆச்சி. குரல் தழுதழுத்தது. "தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளைத் தூக்கிட்டுப் போயி இந்தப் பாடு படுத்துதான். அதுதானய்யா கதை! மத்த வெட்டு குத்தெல்லாம் எதுக்கு? அந்தப் பொம்பளப்பிள்ளையைக் கொன்ன இடத்துலேயே இவன் எதுத்து நின்னிருக்கணும். ஏன் சும்மா பாத்துக்கிட்டு நின்னான்?"

"பயம், ஆச்சி. சின்னப் பையன்தானே" என்றேன்.

"பயம்னு அவன் சொல்லுத மாதிரி ஒரு காட்சி வச்சிருக்கலாம்லா?"

வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்தக் குழந்தைகளின் கதைக்குப் படம் ஒதுக்கிய நேரம் துண்டு துண்டாகத்தான் வருகிறது. நடுநடுவே பெர்லினும் போலீசும் புகுந்துவிடுகின்றன. கடைசியில் துப்பாக்கிப் பட்டாளம் மலைக்கோட்டையைத் தகர்க்கும்போது, ஆயிரம் வருஷ ரகசியக் கூட்டம் ஈசல் மாதிரி விழுகிறது. அதுவரை இருட்டில் பயமுறுத்தியவர்கள் வெளிச்சத்தில் வந்ததும் வெறும் ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். டைரக்டர் இதை வேண்டுமென்றே செய்திருந்தால் பேஷ் போடலாம். செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆக, ஜூரிகள் ஒருமனதாக இல்லை. அண்ணாச்சிக்குக் கணக்கு உதைக்கிறது. மாணவனுக்குப் படம் ரொம்பப் பிடித்திருக்கிறது. நூற்றுக்கு எண்பது மார்க் போட்டான். அத்தைக்கு அரைப் படம் அடுப்படியில் போய்விட்டது. ஆச்சிக்குப் பாதிக் கதை போதும், பாதி வேண்டாம். விமரிசகர்கள் 'சண்டை தெரியவில்லை' என்று சொன்னதை ஆசான் காரணத்தோடு ஊர்ஜிதம் செய்தார். 'கதை இல்லை' என்று சொன்னதை ஆச்சி தள்ளுபடி செய்துவிட்டார். என் கட்சியைக் கேட்டால், நான் ஆச்சி பக்கம். படத்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது; எடுத்தவர்கள்தான் அதைக் கவனிக்கவில்லை.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, ஆசான் மட்டும் உட்கார்ந்திருந்தார். "தம்பி, நடுவுல ஒரு இடம் வந்துது பாரு. அவன் வீட்டுல தன்னந்தனியா சங்கிலியைச் சுத்திப் பழகுதான். எதிரி இல்லை, ரத்தம் இல்லை. அதைத் திருப்பிப் போடு" என்றார்.

மாணவன் தேடிப் போட்டான். ரெயின் இந்தப் படத்துக்காக மாதக் கணக்கில் பயிற்சி எடுத்தவர். அது அந்த ஒரு காட்சியில் தெரிகிறது. "பய உழைச்சிருக்கான்" என்றார் ஆசான். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தரம் ஓடும்போது, பாயில் உட்கார்ந்தபடியே அவருடைய வலது பாதம் மெதுவாக இடம் மாறிக்கொண்டிருந்தது.